ஏணி இல்லாமல் வந்த படையும் ரயில் தொடாத ஊரும்

சென்ற வாரம் வில்லியனூர் ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். பழைய கால அட்டவணைகளை வைத்து ஊர் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு: ஸ்டேஷன் இல்லாத ஊர் அதில் அகப்படாது. விழுப்புரம் – புதுச்சேரி மீட்டர்கேஜ் பாதை 1879 டிசம்பரில் திறந்தது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று மேற்கிலிருந்து வந்து நகரத்தில் முடிந்துவிடும். தெற்கே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அரியாங்குப்பத்தை அது தொடவில்லை. இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சாலையில் அரியாங்குப்பம் வழியே 20 சொச்சம் கிலோமீட்டர்தான்; ரயிலில் போனால் விழுப்புரம் சுற்றி 80-க்கு மேல்.

ஆனால், ரயில் வருவதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்னால் புதுச்சேரியின் தெற்கு வாசலே இந்த ஊர்தான். இங்கே ஒரு சிறிய பிரெஞ்சுக் கோட்டை இருந்தது. 1748 ஆகஸ்டில் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பெரும்படையோடு கிளம்பி வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். கோட்டையைச் சரியாக வேவு பார்க்கவில்லை. முதல் தாக்குதலுக்கு ஏணிகூட எடுத்துப் போகவில்லை. வந்தவர்கள் மதிலடியில் திகைத்து நிற்க, மேலிருந்து சுட்டுத் தள்ளினார்கள். அடுத்து நடந்த சண்டையில், பின்னாளில் இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர் கொண்டாடிய ஸ்டிரிங்கர் லாரன்ஸே பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். பிறகு கோட்டைக்குள்ளேயே வெடிமருந்து பற்றிக்கொண்டது. காவலிருந்த பிரெஞ்சுப் படை மிச்சமிருந்ததையும் தகர்த்துவிட்டு நகரத்துக்குள் போய்விட்டது.

பாஸ்கவனோ இடிந்த கோட்டையைச் செப்பனிட்டபடி நாளைக் கடத்தினார். மழை பிடித்துக்கொண்டது. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். புதுச்சேரியைக் காத்த பெருமையை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுப்பது வழக்கம். என்னைக் கேட்டால் அதில் பாதி அரியாங்குப்பத்துக்குச் சேரவேண்டும்.

ஓர்ம் சொல்வது வெளியே நின்றவர்களின் கதை. உள்ளேயிருந்து பார்க்க டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்கள் முதலில் குழம்புவது தேதியில்தான். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கணக்கு 11 நாள் முன்னே ஓடியது. பாஸ்கவன் கிளம்பிய ஆகஸ்ட் 8, புதுச்சேரியில் ஆகஸ்ட் 19. பிள்ளை தமிழ்த் தேதியையும் சேர்த்தே குறித்து வைப்பார் என்பதால் பிழைத்தோம். அது விபவ வருஷம்.

சண்டை ஓய்ந்தபின் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் வானியலாளர் லெ ஜான்தீல். 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்த மனிதர். பக்கத்து வீராம்பட்டினத்தில் பழைய செங்கல் சுவர்களைக் கண்டு குறித்துவைத்தார். அதுதான் அரிக்கமேடு. தொல்லியலாளர் வீலர் 1945-இல் அங்கே அகழ்ந்தது தெரிந்த கதை.

அடுத்த வாரம் காரைக்கால்: 1898-இல் பேரளத்திலிருந்து ரயில் வந்து, 1980-களில் நின்றுபோன பாதையின் ஸ்டேஷன்கள்.