கெடாவில் தொலைக்காட்சி: தோட்ட மண்டபத்திலிருந்து செருகு கருவி வரை

வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டைய மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே கரையைக் காட்டி நின்றது குனோங் ஜெராய் மலை. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் வென்ற கடாரம், இம்மலையடிவாரத்துப் புஜாங் பள்ளத்தாக்கோடு இணைத்துப் பேசப்படுவதாகும். ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த அதே மலையில் இருபதாம் நூற்றாண்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் வீட்டுக் கூரைக்கு மேல் நடப்பட்ட கம்பங்களெல்லாம் தம் அலைவாங்கிகளை அம்மலையை நோக்கித் திருப்பிக்கொண்டன.

அக்கம்பங்கள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. தொலைக்காட்சியின் பின்புறத் துளையில் விரல் நீளக் கருவியொன்று செருகப்பட்டிருக்கிறது. 'டிவி ஸ்டிக்' என்று மக்கள் வழங்கும் இச்செருகு கருவி, பழைய தொலைக்காட்சியையும் இணையத்தோடு இணைத்துத் திறன்மிகு தொலைக்காட்சியாக மாற்றிவிடுகிறது. கம்பத்திலிருந்து கருவிக்கு வந்த இவ்வரலாற்றைப் பொறியியல் வளர்ச்சியாக மட்டும் எழுதிவிடுதல் எளிது. ஆயின், கெடாத் தமிழரைப் பொறுத்தவரையில், நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பவர் யார், அதனை யாரோடு அமர்ந்து பார்ப்பது, எந்நாட்டுத் தமிழ் வீட்டுக்குள் நுழைகிறது என்னும் மூன்று வினாக்களின் வரலாறாகவும் அஃது அமைந்திருக்கிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் துங்கு அப்துல் ரஹ்மான் 1963 டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொடக்கி வைத்தார். துங்கு கெடாவின் அரச குடும்பத்தில் அலோர் ஸ்டாரில் பிறந்தவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது. இரண்டாம் அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது.

தோட்டங்களில் தொலைக்காட்சி முதலில் துரை பங்களாவிலும் கிராணியார் வீட்டிலும் இடம்பெற்று, அதன் பின்னரே பொது மண்டபத்திற்கு வந்தது. லயன் வீடுகளுக்கு அந்நாளில் மின்சாரம் முழுநாளும் கிடைத்ததில்லை. பல தோட்டங்களில் மின்னாக்கி இயந்திரம் அந்தி சாயும் நேரத்தில் ஓடத் தொடங்கி இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். அதுவும் இல்லாத இடங்களில் மோட்டார் வண்டியின் பேட்டரியைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கினர். பால் வெட்டுக்கு வைகறையில் எழவேண்டிய மக்கள், வாரத்தில் ஒருநாள் ஒளியேறிய தமிழ்த் திரைப்படத்திற்காக மட்டும் உறக்கத்தைத் தள்ளிவைத்தனர். பாயைக் கொணர்ந்து விரிப்பவர்கள் முன்னாலும், இடமில்லாதவர்கள் சாளரத்தின் வழியாகவும் பார்த்த அத்திரைப்படத்தின் இறுதிக் காட்சிக்கு முன்பே மின்னாக்கி நின்றுபோவதும் உண்டு. மறுநாள் பால்மரங்களுக்கிடையே நடந்த பேச்சு முழுவதும், காணாமற்போன அந்த முடிவைப் பற்றியதாகவே இருக்கும்.

தேர்ந்தெடுத்தவர் தலைநகரத்து அதிகாரி. பார்த்தவர் தோட்டம் முழுவதும். இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ்வாருளர். அப்புகழ்ச்சி முழுதும் பொருந்தாது. வாரத்திற்கு ஒரு படமும் சிறிது நேரச் செய்தியும் என்பது ஒரு மொழியினர்க்கு நிறைவளிக்கக்கூடிய அளவன்று. எனினும் அந்தச் சிறிய அளவுக்குள், மலேசியத் தமிழரே எழுதி, நடித்து, வாசித்த நிகழ்ச்சிகளுக்கு உறுதியான ஓரிடம் இருந்தது. அலைவரிசையைத் திறந்தாலே அது வந்து சேர்ந்தது, தேடவேண்டியதில்லை. 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இவ்வாறே குறித்த நேரத்தில் வகுப்பறையை நாடி வந்தது. ஆசிரியர் கால அட்டவணையைப் பார்த்து மாணவரை அமர்த்தினார்.

1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. எண்பதுகளில் வீடியோ நாடா வந்தது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வாடகைக் கடைகள் தோன்றின. தீபாவளி, திருமண நாள்களில் இயந்திரத்தையும் நாடாக்களையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்க்கும் வழக்கம் லயன்களில் பரவிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமை முதன்முறையாகத் தலைநகரத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கியது அப்பொழுதுதான். தனியார் அலைவரிசையான டிவி3 1984 ஜூன் முதல் நாள் தோன்றியதைவிட, தோட்டத் தமிழர்க்கு இந்த நாடாவே பெரிய மாற்றம் எனல் மிகையன்று.

அடுத்த பெட்டி வானிலிருந்து வந்தது. மியாசாட்-1 துணைக்கோள் 1996 ஜனவரியில் விண்ணில் ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆஸ்ட்ரோ தொடங்கிற்று. இரண்டடி விட்டமுள்ள தட்டும் ஒரு பெட்டியும் மாதக் கட்டணமும் இருந்தால் 'வானவில்' என்னும் முழுநேரத் தமிழ் அலைவரிசை வீட்டுக்குள் வந்தது. பின்னர்ச் சன் தொலைக்காட்சி முதலியனவும் சேர்ந்தன. பெருமழையில் படம் நின்றுபோகும் குறையை வேடிக்கையாகப் பேசிக்கொண்டே மக்கள் மாதந்தோறும் பணம் கட்டினர். லயன் வீட்டுத் துத்தநாகக் கூரைகளில் தட்டுகள் வரிசையாய் முளைத்தன. மண்டபம் வெறுமையாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டதும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற தொழிற்பேட்டைகளை நாடி இளைஞர் சென்றதும் அக்காலத்திலேயே விரைந்து நடந்தன. ஆகவே, மண்டபம் வெறுமையானதற்குத் தட்டை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. ஆயினும் சென்னைத் தொடர்களின் பேச்சுமொழி கெடாப் பிள்ளைகளின் நாவில் ஏறியது இத்தட்டின் வழியேதான்.

செருகு கருவியின் வரலாறு மிகக் குறுகியது. ரோக்கு நிறுவனம் 2012இல் குச்சி வடிவில் ஒன்றை வெளியிட்டது. 2013 ஜூலையில் கூகுள் நிறுவனம் 35 அமெரிக்க டாலர் விலையில் குரோம்காஸ்டை அறிமுகம் செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கெனத் தொலையியக்கி இல்லை. கைப்பேசியே இயக்கியாக அமைந்தது. முதியோர்க்கு அது தொல்லையாயிற்று. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2014இலும் சியோமியின் மி டிவி ஸ்டிக் 2020இலும் தொலையியக்கியுடன் வந்தன. வேலை செய்யும் முறை எளியது. தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் கருவியைச் செருகி, யு.எஸ்.பி. கம்பியால் மின்சாரம் ஊட்டி, வீட்டு வைஃபையில் இணைத்தால் போதும். படம் சிறு சிறு துண்டுகளாக வந்து, இணைப்பின் வேகத்திற்கேற்பத் தெளிவு கூடியும் குறைந்தும் தோன்றும். எச்.டி.எம்.ஐ. துளையில்லாத பழைய குழாய்த் தொலைக்காட்சிக்கு மேலும் ஒரு மாற்றி தேவை.

இவ்வேளையில் அரசின் பெட்டியொன்றும் வந்து சேர்ந்தது. எண்முறை ஒளிபரப்பான மைஃப்ரீவியூ 2017இல் தொடங்கியபின், பழைய ஒப்புமை அலைகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. நாட்டிலேயே முதலில் நிறுத்தப்பட்ட இடம் கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவு. நாள் 2019 ஜூலை 21. அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் சபா, சரவாக் உட்பட நாடு முழுவதும் அம்மாற்றம் முடிந்தது. பழைய பெட்டி வைத்திருந்த குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றிற்கு எண்முறை டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. இதற்கு மாதக் கட்டணமும் இல்லை, இணையமும் வேண்டியதில்லை.

செருகு கருவிக்கோ இணையமே உயிர். கருவியின் விலை ஒருமுறைச் செலவு. தொடர்ந்து செலவாவது தரவு. தெளிவான படம் பார்க்க நொடிக்கு ஐந்து மெகாபிட் அளவு வேகம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று ஜிகாபைட் வரை கரைந்துபோகும். 2010இல் அறிமுகமான யுனிஃபை கம்பியிழை முதலில் நகரத்துக் குடியிருப்புகளையே சென்றடைந்தது. நெடுஞ்சாலையிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் பல கிலோமீட்டர் உள்ளடங்கிய, முப்பது நாற்பது வீடுகளே எஞ்சியுள்ள ஒரு லயனுக்குக் கம்பியிழை இழுப்பதில் எந்நிறுவனத்துக்கும் பேரார்வம் இருக்க முடியாது. நிலமும் தனியாருடையது. எனவே, தோட்டத்தில் செருகு கருவி வைத்திருப்போர் கைப்பேசியின் இணைப்பையே பகிர்ந்து தொலைக்காட்சிக்குக் கொடுக்கின்றனர். மாதத் தரவு தீர்ந்தால் கருவி ஊமையாகிவிடும். நகரத்துத் தமிழனுக்கும் தோட்டத்துத் தமிழனுக்கும் இருந்த இடைவெளி, மின்னாக்கி காலத்தில் மணிக்கணக்கில் அளக்கப்பட்டது. இக்காலத்தில் ஜிகாபைட்டில் அளக்கப்படுகிறது.

இவ்வேறுபாடு வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதன்று என்பதை 2020 காட்டிற்று. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபின், பாடம் வீட்டுக்குச் சென்றது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளில், அதன் சிறுதிரையிலேயே பாடங்கள் நடந்தன. கருவி உள்ள வீட்டிலோ ஆசிரியரின் காணொளிப் பாடத்தைப் பெரிய திரைக்கு ஏற்றிவிட்டு, மூவரையும் ஒருங்கே அமர்த்த முடிந்தது. கருவி இல்லாதார்க்கும் இணையம் எட்டாதார்க்கும் 2021 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கிய டிடிக் டிவி, 1972ஆம் ஆண்டின் பழைய முறையிலேயே, குறித்த நேரத்தில் அலைவழி வந்தது.

கடைத்தெருவில் விற்கப்பட்ட எல்லாக் கருவிகளும் ஒரே தன்மையுடையனவல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். உரிமம் பெறாத அலைவரிசைகளைத் திறந்துவிடும் செயலிகளுடன் 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டவை பல. ஒருமுறை பணம் கட்டினால் எல்லாத் தமிழ் அலைவரிசைகளும் இலவசம் என்ற சொல்லுக்குக் குறைந்த வருமானக் குடும்பம் மயங்குவது வியப்பன்று. 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், இத்தகைய திருட்டு ஒளிபரப்புக் கருவிகளைச் செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கி, பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத, இரண்டு லட்சம் வெள்ளி வரையிலான அபராதமோ இருபது ஆண்டு வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. முறையான கருவிக்கும் நிலையான வாழ்வில்லை. குரோம்காஸ்ட் தயாரிப்பை கூகுள் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. 2025 மார்ச்சில், நிறுவனத்தின் மின்சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகள் சில நாள்கள் செயலற்றுக் கிடந்தன. பழைய பெட்டி பழுதானால் சுங்கை பட்டாணிக் கடைக்காரர் திறந்து பார்த்திருப்பார். இதனை அவர் திறந்து பயனில்லை.

இனி, முதலிற்கூறிய மூன்றாம் வினா. நெட்ஃபிலிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தபின், தமிழ்ப் படங்களுக்குப் பஞ்சமில்லை. யூடியூபில் கோடம்பாக்கத்தின் அறுபதாண்டுச் செல்வமும் கிடக்கிறது. தேர்ந்தெடுப்பவர் இப்பொழுது பார்ப்பவரே என்பர்; அது பாதி உண்மை. திரையை இயக்கியதும் முதலில் தோன்றும் படங்களின் வரிசையை அமைப்பது நிறுவனத்தின் கணிப்பொறி. மிகுதியானோர் பார்த்ததையே அது முன்வைக்கும். எண்ணிக்கையில் சிறுபான்மையினரான மலேசியத் தமிழரின் படைப்பு, சென்னையின் பெருவெள்ளத்தில் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்ந்த நம்மவரைப் பற்றிய 'ஜகாட்' 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. அதன் பெயரை அறியாத பிள்ளைக்கு அதனைக் கணிப்பொறி தானாக எடுத்துக் கொடுப்பது அரிது. வானொலி தொலைக்காட்சி நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகளும் 'ஆர்.டி.எம். கிளிக்' செயலியில் இருக்கின்றன. அச்செயலியைக் கருவியிலோ கைப்பேசியிலோ தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படியொன்று உண்டென்று யாரேனும் சொல்லியிருந்தாலன்றி எந்த வீட்டிலும் அது தேடப்படுவதில்லை. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் அதைச் சொல்லக்கூடியவர் ஆசிரியரே.