தூணும் காலும்: வீட்டைத் தாங்கிய சொற்கள்

எம்மவர் திருமணங்களில் கன்னிக்கால் நாட்டும் வழக்கம் இன்னும் கைவிடப்படவில்லை. ஊரிலே, பொன்னுருக்கும் நாளில் வளவின் மூலையில் முள்முருக்கந்தடி நாட்டப்படும். லவாலிலே முள்முருக்குக்கு எங்கே போவது? மண் நிரப்பிய வாளியொன்றில் கிடைத்த தடியை நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் இட்டுக் காரியத்தை நிறைவேற்றுகிறோம். தடி மாறினாலும் சொல் மாறவில்லை. அதனைக் கன்னித்தூண் என்றோ கன்னிக்கம்பம் என்றோ எவரும் கூறுவதில்லை. கால் என்றே கூறுகின்றனர். இச்சிறு வேறுபாட்டினுள் நீண்ட வரலாறு ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

கால் என்பது திராவிட மொழிகளின் பொதுச்சொத்து. மலையாளத்திலும் கன்னடத்திலும் கால், தெலுங்கில் காலு, துளுவில் காரு என அது வழங்குகிறது. நீலகிரியிலே கோத்தர் பேசும் மொழியிலும் இச்சொல் உண்டு. மனிதன் நிற்பதற்குக் கால் வேண்டும். பந்தல் நிற்பதற்கும் கால் வேண்டும். உடலின் உறுப்பையே வீட்டின் உறுப்பாகவும் கண்டனர் முன்னோர். கம்பமோ வடக்கிலிருந்து வந்தது. வேதமொழியின் ஸ்கம்பம் பிராகிருத வழியாகத் தமிழை அடைந்தது என்பர். தூணையும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி ஸ்தூணா என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துகிறது. தனித்தமிழ் அறிஞர் சிலர் இதனை ஏற்பதில்லை. எவ்வாறாயினும் தூண் நேற்று வந்த சொல்லன்று. சான்றாண்மையைத் தாங்கும் ஐந்து தூண்களைப் பற்றித் திருவள்ளுவரே பேசியிருக்கிறார்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்னுமொரு சொல் உண்டு: கப்பு. கொட்டில் போடுபவர் முதலில் கப்பு நாட்டுவார். அதன்மேல் வளை ஏற்றுவார். முகட்டுவளை, கைமரம், சிலாகை எனக் கூரை எழும்பும். கோயில் மண்டபத்துக் கல்லுக்குத் தூண் என்னும் மதிப்பான பெயர் கிடைத்தது. குடிசையைச் சுமந்த மரமோ கப்பாகவும் காலாகவுமே இருந்துவிட்டது. எளியோர் வீடுகளே பழஞ்சொற்களைப் பத்திரமாகப் பேணியுள்ளன என்பது என் எண்ணம்.

ஒரு சொல் வழிவழி வந்த உரிமைச்சொல்லா, கடன்சொல்லா என்பதை எவ்வாறு அறிவது? ஒலி ஒத்திருத்தல் மட்டும் போதாது. ஒலிகள் ஒழுங்காக மாறியிருத்தல் வேண்டும். இதற்குச் சிறந்த பாடம் தென்கடல் மக்களின் மொழிகளில் உள்ளது. இற்றைக்கு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் தைவானிலிருந்து தெற்கே படகேறிய மக்களின் வழித்தோன்றல்கள் மேற்கே மடகாஸ்கர் வரையிலும் கிழக்கே ஈஸ்டர் தீவு வரையிலும் பரவினர். அவர்களுடைய மொழிக்குடும்பத்தை ஒஸ்திரோனேசியம் என்பர். மலாய் மொழியில் அரிசி பெராஸ்; பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகாலொக் மொழியில் பிகாஸ். அங்கே நரம்பு உராத்; இங்கே உகாத். ஒன்றிலே ரகரம் நிற்குமிடத்தில் மற்றதில் ககரம் நிற்பதைக் காணலாம். இத்தகைய ஒழுங்கு தற்செயலாக அமைவதில்லை.

வீட்டுச் சொற்களும் இவ்வாறே கடல் கடந்தன. மலாய் மொழியிலே மண்டபத்தைக் குறிக்கும் பாலாய், பீஜியில் வாலே, சமோவாவில் பாலே, நியூசிலாந்து மௌரிகளிடம் வாரே, ஹவாயில் ஹாலே என வீட்டுக்குப் பெயராயிற்று. தூணைத் தகாலொக் மொழியினர் ஹலிகி என்கின்றனர். வட லூசோனில் இலொக்கானோ மக்கள் அடிகி என்கின்றனர். மரியானாத் தீவுகளில் வீடுகளைத் தாங்கிய பழைய கற்றூண்களின் தண்டுப்பகுதிக்கும் ஹலிகி என்றே பெயர். சமோவாவிலும் தொங்காவிலும் மௌரிகளிடத்தும் தூண் என்பது பொவ். மௌரிகளின் கூட்ட மண்டபத்திலே நடுத்தூண் மண்டபத்தின் இதயத்தைத் தாங்குவதாகக் கருதப்படுகிறது. அதில் முன்னோர் உருவைச் செதுக்குவர். முகட்டுவளைக்கு அவர்கள் இட்ட பெயரே வம்சாவளியையும் குறிக்கும். மண்ணைவிட்டுப் போனவர்கள் வீட்டைச் சொல்லாகச் சுமந்து சென்றிருக்கின்றனர்.

இம்மக்களுக்கும் எமக்கும் உறவில்லையென எண்ண வேண்டாம். இனவழி உறவன்று, வணிகவழி உறவு. சுமாத்திராவின் பாருஸ் துறையிலே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அது ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. மலாய்க்காரர் எமது கப்பலையும் கடையையும் பெட்டியையும் கட்டிலையும் திரையையும் பெயரோடு பெற்றுக்கொண்டனர். மாளிகைகூட மஹ்லிகாய் ஆயிற்று. ஆனால் தூணுக்கு மட்டும் தங்கள் தியாங் என்னும் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீடுகளும் அப்படித்தான். யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, விறாந்தை யாவும் போர்த்துக்கேயர் தந்தவை. கப்பும் வளையும் நாம் வைத்திருந்தவை. பிறரிடம் இரவல் வாங்கலாகாது என்பதல்ல. வீட்டுக்குள் வைக்கும் பொருளின் பெயர் எளிதில் மாறும், வீட்டை நிறுத்தும் பொருளின் பெயர் இலகுவில் மாறாது என்பதே இதிற் புலனாவது.

தென்மராட்சியின் சாவகச்சேரிக்கும் இக்கதையில் இடமுண்டு. சாவகர் குடியிருந்த சேரி என்றே பலரும் அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். மணிமேகலையில் வரும் சாவகம் கடல் கடந்த நாடு. மலாயத் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்தை ஆண்ட சந்திரபானு 1247ஆம் ஆண்டில் இலங்கைமீது படையெடுத்தான். பாலி நூல்கள் அவனைச் சாவக மன்னன் என்கின்றன. பின்னர் அவன் வட இலங்கையில் நிலைகொண்டு, இறுதியிற் பாண்டியரால் வீழ்த்தப்பட்டான்.

சங்க காலத்தார் தூணுக்குக் கந்து என்னும் சொல்லையும் வழங்கினர். யானை கட்டும் தறியும் கந்து. ஊர்ப் பொதுமன்றத்தில் தெய்வம் உறைவதாக வணங்கப்பட்ட மரத்தூணும் கந்து. பகைவர் நாட்டிலே இருந்த அத்தகைய மன்றம் ஒன்றைப் பட்டினப்பாலை காட்டுகிறது. போரிற் சிறைப்பட்டு வந்த மகளிர் அதனை மெழுகி விளக்கேற்றுகின்றனர். ஊருக்குப் புதியவராகிய வம்பலர் அங்கே தங்கித் தொழுகின்றனர். நாடிழந்து வந்தவளே விளக்கேற்றுகிறாள், வழிப்போக்கன் அதன் ஒளியிலே இளைப்பாறுகிறான் என்பதை எம்மைப் போன்றோர் சற்று நின்று வாசித்தல் தகும்.

புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் இதன் மறுபக்கத்தைக் கூறுகிறார். பகைவர் நாடு பாழாகிறது. கந்திலிருந்த தெய்வம் அதைக் கைவிட்டுப் போய்விட்டது, பலியிடுவாரும் இல்லை. நரைத்த முதியவர்கள் சூதாடிக் குழிந்த இடத்திலே காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

1995ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது அவர்களிற் பெரும்பாலோர் முதலிற் சென்றடைந்தது தென்மராட்சியையே. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் வம்பலரால் நிறைந்தன. தூணுக்குத் தூண் சேலை கட்டி மறைத்து, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் அறை அமைத்துக்கொண்டது. ஐந்தாண்டுகள் கழிந்து, 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரமும் பெரிதும் அழிந்தது. கூரையும் வளையும் போன வீடுகளில் தூண்கள் மட்டும் வெயிலில் நின்றன.