பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும்: சாலை விபத்துகளில் காயக்கடுமை

சாலையில் நடந்து செல்பவர் மீதோ சைக்கிளில் செல்பவர் மீதோ மோட்டார் வாகனம் மோதும்போது அவர் தேகத்துக்கு உண்டாகும் சேதத்தின் அளவைக் காயக்கடுமை என்பர். ஒரே சாலையில் ஒன்றுபோலத் தோன்றும் இரு விபத்துகளில், ஒருவர் முழங்காலில் சிராய்ப்போடு எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட, மற்றொருவர் அன்று பொழுது சாய்வதற்குள் உயிர் துறப்பதைக் கண்ட ஜனங்கள், அதை அவரவர் விதியென்று சொல்லி அமைதி அடைவது வழக்கம். ஆனால் சென்ற அறுபது ஆண்டுகளாக வைத்தியர்களும் பொறியியலாரும் ஆயிரக்கணக்கான விபத்துகளை ஒன்றொன்றாகப் பிரித்து ஆராய்ந்து கண்டது வேறு. விபத்து நேர்வதற்குரிய காரணங்கள் ஒரு வகை, நேர்ந்த விபத்து எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்கள் மற்றொரு வகை. பின்னவற்றிற் பெரும்பாலானவை மோதலுக்கு முன்பே, வண்டியின் வேகத்திலும் அதன் முகப்பின் உயரத்திலும் தெருவின் அமைப்பிலும் முடிவாகிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகெங்கும் சாலைகளில் மாண்ட ஏறத்தாழ 11.9 லட்சம் பேரில் 2,74,000 பேர் பாதசாரிகள், 71,000 பேர் சைக்கிளோட்டிகள். இந்தியாவில் 2022இல் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூண்டும் வார்ப்பட்டையும் காற்றுப் பையும் இருக்க, இவர்களுக்கு வாய்த்த கவசம் உடுத்த துணி ஒன்றே.

கடுமையை ஆராய்வதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். நம் நாட்டுப் போலீஸ் ஏடுகளில் மரணம், கொடுங்காயம், சிறு காயம் என்ற பாகுபாடே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இதற்கு மூலமாகிய 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம் என்று விதித்திருந்தபடியால், பல் ஒன்று உடைந்தவரும் மண்டையோடு பிளந்தவரும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டனர். அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் பல்லைப் பற்றிய இவ்வாசகம் மாறவில்லை. வழக்கு நடத்த இது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் இடும் முறை 1971இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு சூசன் பேக்கர் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1974இல் காயக்கடுமை எண்ணை வகுத்தனர். தேகத்தின் ஆறு பகுதிகளில் மிகவும் சேதமடைந்த மூன்றின் மதிப்பெண்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். தலையில் 4, மார்பில் 3, காலில் 3 பெற்றவருக்கு 16, 9, 9 சேர்ந்து 34 ஆகும். பதினைந்தைத் தாண்டினாலே பெருங்காயம் எனக் கொள்வர். உச்ச எண் 75.

நிர்ணயக் காரணங்களுள் தலைமையானது வேகம். ஓடும் பொருளின் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 60இல் வந்தால் அதன் சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்கு. உயரத்திலிருந்து விழுவதோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும்: 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுண்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும், 50 என்றால் ஏறத்தாழ பத்து மீட்டர், மூன்று மாடி, 60 என்றால் பதினான்கு மீட்டர். கூரை வேயும்போது தவறி விழுந்து கால் முறிந்து, பின்னர் தேறி நடமாடுகிறவர்களை நாம் அறிவோம். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து எழுந்தவரை அறிந்தவர் சிலரே. அமெரிக்காவில் நடந்த விபத்துகளைக் கொண்டு 2011இல் செய்யப்பட்ட கணிப்பொன்று, மோதப்பட்ட பாதசாரி மாண்டுபோகும் வாய்ப்பு மணிக்கு 37 கிலோமீட்டரில் நூற்றுக்குப் பத்து, 51இல் இருபத்தைந்து, 68இல் ஐம்பது என்று கண்டது.

வேகம் மோதலின் பலத்தை மட்டுமன்று, மோதல் நிகழுமா என்பதையும் தீர்மானிக்கிறது. பதினான்கு மீட்டர் முன்னே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்குவதாகக் கொள்வோம். ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது. முப்பதில் வந்தவர் அந்த விநாடியில் எட்டு மீட்டரைக் கடந்து, உலர்ந்த சாலையில் மேலும் ஐந்து மீட்டரில் நின்று, குழந்தையைப் பார்த்து இரண்டு வசவு சொல்லிவிட்டுப் போவார். ஐம்பதில் வந்தவரோ அந்த ஒரு விநாடியிலேயே பதினான்கு மீட்டரையும் கடந்துவிடுகிறார்; பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் முழு வேகத்தோடு மோதல் நிகழ்ந்துவிடுகிறது. இரு ஓட்டுநர்களின் சாமர்த்தியத்திலோ மனச்சாட்சியிலோ இங்கே யாதொரு வித்தியாசமும் இல்லை.

ஆயினும் வேகமே முற்றும் அன்று. 1896 ஆகஸ்டு 17ஆம் நாள் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில், பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி மாண்ட முதல் பாதசாரியாகிய பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற மாது விழுந்தபோது, வண்டி மணிக்கு நான்கு மைல் வேகத்திலேயே வந்தது என்று ஓட்டியவர் சாட்சியம் கூறினார். அதை மறுத்துரைத்த சாட்சிகளும் உண்டு. தலையிற் பட்ட அடியே அவர் உயிரைப் போக்கியது. எந்த அங்கம், எதில், எந்தக் கோணத்தில் படுகிறது என்பதும் எண்ணத்தக்கது என்பதற்கு இது பழைய சான்று.

அறுபது கிலோ மனிதரைக் கார் மோதினாலும் லாரி மோதினாலும் அவர் கிட்டத்தட்ட அந்த வாகனத்தின் வேகத்துக்கே உந்தப்படுகிறார் ஆதலால், வாகனத்தின் எடையைக் காட்டிலும் அதன் முகப்பின் வடிவமே பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. தாழ்ந்த முகப்புள்ள காரின் பம்பர் முதலில் முழங்காலுக்கு அருகே தாக்கிக் கீழ்க்கால் எலும்பை முறிக்கிறது. அடுத்து பானெட்டின் விளிம்பு தொடையையோ இடுப்பையோ தாக்க, மேலுடல் பானெட்டின்மேல் மடிந்து சாய்ந்து, விநாடியில் பத்திலொரு பங்கு கழிந்த அளவில் தலை பானெட்டிலோ முன்கண்ணாடியிலோ போய் மோதுகிறது. தகடு நெளிந்து கொடுத்தால் தலை பிழைக்கும். தகட்டுக்கு உடனே கீழே என்ஜின் இருந்தாலும், கண்ணாடியைத் தாங்கும் பக்கத் தூணில் பட்டாலும் பிழைப்பது அரிது. இறுதியாக ஆள் தரையில் வீசப்பட்டு இரண்டாம் அடி வாங்குகிறார். பஸ், வேன், உயர்ந்த ஜீப் முதலியவற்றின் செங்குத்தான முகப்பு இவ்வாறு மேலே சாய இடங்கொடாமல் இடுப்பையும் மார்பையும் நேரே தாக்கி ஆளை முன்னே தள்ளிவிட, அதே வண்டியின் சக்கரம் அவர்மேல் ஏறும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023இல் வெளியான முடிவின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகப்புள்ளவற்றைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக மரணம் விளைவிக்கின்றன. உயர்ந்த வண்டியையே கௌரவமாகக் கருதும் இன்றைய ரசனை, தெருவில் நடப்பவரின் செலவில் வளர்கிறது என்றே சொல்ல வேண்டும். இதனினும் கொடிது, நெளிந்து கொடுக்க வேண்டிய முகப்புக்கு முன்னே இரும்புக் குழாயைப் பூட்டி அதைப் பாறையாக்குவது. இத்தகைய தடுப்புச் சட்டங்களை அகற்றுமாறு மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

அடிபடுபவரின் வயதும் முடிவை மாற்றுகிறது. மேற்சொன்ன 2011ஆம் வருஷத்துக் கணிப்பில், மணிக்கு 25 மைல் வேகத்தில் மோதப்பட்ட எழுபது வயதினருக்கு நேரும் அபாயம், 35 மைலில் மோதப்பட்ட முப்பது வயதினருடையதற்கு ஒப்பாக இருந்தது. மூப்பில் எலும்பு நொறுங்கும். விலா முறிந்தால் மூச்சு முட்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவருக்குத் தலையிற் படும் சிறு அடியும் உள்ளே பெருங்கசிவாகும். குழந்தைக்கோ, பெரியவருக்குக் காலில் படும் பம்பர் தொடையிலும், பானெட் விளிம்பு வயிற்றிலோ மார்பிலோ தலையிலோ பட்டுவிடுகிறது. தொடையெலும்பு, உடற்பகுதி, எதிர்ப்புறத் தலை என்ற மூவகைக் காயமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து காணப்படுவதை வைத்தியர்கள் தனிப்பெயரிட்டே வழங்குகின்றனர்.

சைக்கிளோட்டியின் நிலை சற்று வேறு. அவர் இருக்கை உயர்ந்திருப்பதால் தலை முன்கண்ணாடியின் மேற்பாகத்தை எட்டுகிறது. வாகனம் எதுவும் படாமல், குழியில் சக்கரம் இறங்கித் தாமே விழுவதும் மிகுதி. அவருக்கு மிகக் கொடிய சந்தர்ப்பம் வேகமில்லாத ஒன்று என்பது வியப்பாக இருக்கலாம். பிரிட்டன், இந்தியா போன்ற இடப்பக்கப் போக்குவரத்து நாடுகளில், சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்புறம் சைக்கிள் வந்து நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அந்த இடம் தெரிவதில்லை. லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்வாங்கி வர, சைக்கிள் லாரிக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவே நெருக்குண்டு அடியில் இழுபடுகிறது. நடக்கும் வேகத்தில் நிகழும் இவ்விபத்தில் பிழைப்பவர் சொற்பம். லாரியின் பக்கவாட்டில் பூட்டும் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம். லண்டனில் 2021 மார்ச் முதல், ஓட்டுநர் தம் கண்ணால் நேரே எவ்வளவு இடத்தைப் பார்க்க முடிகிறது என்பதை அளந்தே கனரக லாரிகளுக்கு அனுமதி தருகின்றனர்.

தலைக்கவசத்தைப் பற்றி நெடுநாள் விவாதம் உண்டு. காயமுற்ற 64,000க்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளைப் பற்றிய நாற்பது ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து ஆஸ்திரேலியர் இருவர் கணித்ததில், கவசம் அணிந்தவருக்குக் கடுமையான தலைக்காயம் நேரும் வாய்ப்பு 69 சதவீதம் குறைந்திருந்தது. விழுந்த பின் கவசம் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கவசம் அணிவோர் மிகக் குறைந்த நெதர்லாந்தில், சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்தே உயிர்களைக் காத்திருக்கின்றனர் என்பதையும் மறக்கலாகாது. லாரிச் சக்கரத்தின் கீழ் எந்தக் கவசமும் பயன்படாது.

இருள் காயத்தைக் கடுமையாக்குவது, ஓட்டுநர் தாமதமாகக் கண்டு, பிரேக் பிடிக்காமலே மோதுவதால்தான்; அவரோ நடப்பவரோ மது அருந்தியிருந்தால் தாமதம் மேலும் நீளும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் பச்சை உடையோடு இரவில் சாலையோரம் வரிசையாகப் போகும்போது, ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தப் பச்சை கறுப்பாகவே தோன்றும். போலீஸார் அவர்களுடைய தோள் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதன் நோக்கம் இதுவே. அதைக் கணுக்காலில் கட்டினால் பயன் அதிகம்; அசையும் ஒளியை மனித நடையென்று கண் விரைவில் அறிந்துகொள்ளும்.

தலைமைக் காரணமாகிய வேகத்தைக் கட்டுப்படுத்தவே சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2023இல் குடியிருப்புத் தெருக்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை அறிவித்தது. பலகையை மட்டும் நம்பி வேகம் குறைவதில்லை. தெருவைக் குறுக்கியும், கடக்கும் இடத்தை மேடாக உயர்த்தியும், நடுவே நின்று செல்லத் திட்டு அமைத்துமே குறைக்க முடியும். நகரின் பெரும்பாலான தெருக்களை முப்பதுக்குக் கொண்டுவந்த ஹெல்சிங்கியில் 2019இல் ஒரு பாதசாரிகூட வாகனம் மோதி மாளவில்லை.

மோதலுக்குப் பின் கழியும் நேரமும் கடுமையின் ஒரு பகுதியே. முறிந்த இடுப்பெலும்புக்குள் வெளியே தெரியாமல் ரத்தம் சேரும். கழுத்தெலும்பு விலகியவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் தண்டுவடம் அறுபடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் நல்லெண்ணத்தோடு ஊற்றும் சோடா மூச்சுக்குழலில் இறங்கும். கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்வதே செய்யத்தக்கது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், குறித்த வரம்புக்கு உட்பட்டு சர்க்கார் ஏற்கிறது. வழக்குக்கு அஞ்சி விலகி நிற்பவர்களுக்காக 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தம் பெயரையோ விலாசத்தையோ சொல்ல விரும்பாவிட்டால், போலீஸார் உட்பட எவரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.