ஒரு வாக்கின் விலை: நியூயோர்க் சட்டசபையில் 1970 ஏப்ரல் 9

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வசிக்கும் எனது உறவினர் ஒருவர், அவரது தொகுதியின் மாநில சட்டசபை உறுப்பினர் வாக்காளர்களுக்கு அனுப்புகின்ற செய்திமடலை அவ்வப்போது எனக்கும் அனுப்பிவைப்பதுண்டு. பாலம் திருத்தும் வேலை எப்போது முடிவடையும், பாடசாலைகளுக்கு எவ்வளவு நிதி கிடைத்திருக்கிறது, நூலகம் எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்ற விபரங்களுக்கு நடுவே, பெண்களின் இனப்பெருக்கச் சுகாதாரம் தொடர்பான சட்டங்கள் பற்றியும் சில வரிகள் அதில் இடம்பெற்றிருக்கும். வாழ்வையும் மரணத்தையும் பற்றிய ஒரு விவகாரம் வீதித் திருத்த வேலையுடன் சேர்த்து ஊர்ச்செய்தியாக அறிவிக்கப்படுவது முதலில் எனக்கு விசித்திரமாகவே தோன்றியது.

ஆனால், யோசித்துப் பார்த்தால் அது இருக்கவேண்டிய இடம் அதுதான். 2022 ஜூன் 24 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 ஆம் ஆண்டின் 'றோ எதிர் வேட்' தீர்ப்பை இரத்துச் செய்து, கருக்கலைப்பு பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பை மக்களிடமும் அவர்களால் தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகளிடமும் திருப்பிக் கையளித்தது. அதன் பிறகு, பெரும்பாலானவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத மாநில சட்டசபை உறுப்பினர்களின் கைகளிலேயே இந்த விவகாரம் பெருமளவுக்குத் தங்கியிருக்கிறது. இது புதிய நிலைவரமும் அல்ல. 1973 க்கு முன்னரும் அவ்வாறுதான் இருந்தது. அந்த நாட்களில் சிறிய நகரமொன்றைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அளித்த ஒரேயொரு வாக்கின் கதையைத்தான் இங்கு கூற விரும்புகின்றேன்.

நியூயோர்க் மாநிலத்தில் 1828 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டம், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அவசியமானால் மாத்திரமே கருக்கலைப்பை அனுமதித்தது. ஏறத்தாழ 140 வருடங்களாக அந்தச் சட்டத்தில் அடிப்படையான மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. சட்டம் தடைசெய்ததனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. வசதி படைத்தவர்களுக்கு இரகசியமான வழிகளும் வெளிநாட்டுப் பயணங்களும் இருந்தன. ஏழைப் பெண்களோ போலி வைத்தியர்களிடம் சென்று உயிரைப் பணயம் வைத்தார்கள். அத்தகைய பெண்களைப் பாதுகாப்பான மருத்துவர்களிடம் வழிப்படுத்துவதற்காக 1967 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் மதகுருமார் சிலர், வணக்கத்துக்குரிய ஹோவார்ட் மூடியின் தலைமையில் ஒரு ஆலோசனைச் சேவையை ஆரம்பித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்தைத் தளர்த்துவதைக் கடுமையாக எதிர்த்துநின்ற அதே வேளையில், ஏனைய சமயங்களைச் சேர்ந்த குருமார் சிலர் இவ்வாறு செயற்பட்டமை, சமயத்தின் குரல் ஒன்றாக இருக்கவில்லை என்பதை உணர்த்தியது.

சட்டத்தை மாற்றுவதற்கான சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் கொன்ஸ்டன்ஸ் குக் என்ற பெண் உறுப்பினர். இதாக்கா நகரத்தைச் சேர்ந்த அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பது இன்றைய வாசகர்களுக்கு வியப்பைத் தரலாம். மன்ஹாட்டனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரரான பிரான்ஸ் லைக்டர் அவருடன் இணைந்து செயற்பட்டார். கருக்கலைப்பு அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளையும் பிரிக்கின்ற சுவராக அன்று மாறியிருக்கவில்லை. ஒரே கட்சிக்குள் ஆதரவாளர்களும் இருந்தார்கள், எதிர்ப்பாளர்களும் இருந்தார்கள்.

1970 மார்ச்சில் மாநில செனட் சபை, எவரும் எதிர்பாராத விதத்தில், சட்டமூலத்தை 31 - 26 என்ற வாக்குகளினால் நிறைவேற்றியது. கருத்தரித்து 24 வாரங்கள் வரை பெண்ணின் சம்மதத்துடன் மருத்துவர் கருக்கலைப்புச் செய்வதை அது அனுமதித்தது. 150 உறுப்பினர்களைக் கொண்ட கீழ்ச் சபையில் நிறைவேறுவதற்கு 76 வாக்குகள் தேவை. மார்ச் இறுதியில் நடந்த முதல் முயற்சியில் அந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஏப்ரல் 9 ஆம் திகதி மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. பெயர் கூப்பிட்டு முடிந்தபோது ஆதரவாக 74, எதிராக 74.

எதிராக வாக்களித்தவர்களில் ஜோர்ஜ் மைக்கல்ஸ் ஒருவர். கயூகா மாவட்டத்தின் ஓபர்ன் நகரைச் சேர்ந்த சட்டத்தரணி. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். ஜனநாயகக் கட்சிக்காரர், யூதர். ஆனால், அவரது தொகுதியோ கத்தோலிக்கர்கள் பெருமளவில் வாழ்கின்ற, பழமைப்போக்கு மேலோங்கிய பகுதி. ஓபர்ன், அடிமைத்தனத்துக்கு எதிராகப் போராடிய ஹரியற் ரப்மன் தனது பிற்காலத்தைக் கழித்த ஊர். ஆபிரகாம் லிங்கனின் இராஜாங்கச் செயலாளராக இருந்த வில்லியம் சேவார்டின் வீடும் அங்குதான் இருக்கிறது. மனச்சாட்சியின் நெருக்கடிகளுக்குப் பழக்கப்பட்ட ஊர் என்றுகூடச் சொல்லலாம்.

மைக்கல்ஸ் தனிப்பட்ட முறையில் சட்டச் சீர்திருத்தம் தேவை என்ற கருத்தைக் கொண்டிருந்தார். ஆனால், தொகுதி மக்களினதும் உள்ளூர்க் கட்சிக்காரர்களினதும் விருப்பத்துக்கு மதிப்பளித்து எதிராகவே வாக்களித்து வந்தார். வீட்டிலே அவரது பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. தந்தையின் வாக்கு சட்டமூலத்தைத் தோற்கடிக்கின்ற வாக்காக அமைந்துவிடக்கூடாது என்று மகன் ஒருவர் அவரிடம் மன்றாடியிருந்தார்.

முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்னதாக மைக்கல்ஸ் எழுந்து நின்றார். கைகள் நடுங்க, கண்கள் கலங்க, தனது வாக்கை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார். இதனுடன் தனது அரசியல் வாழ்வு முடிவடையும் என்பதை அறிந்தே இதைச் செய்வதாகவும் அவர் சபையில் வெளிப்படையாகக் கூறினார். ஆதரவு 75 ஆக உயர்ந்தது. வழமையாக வாக்களிக்காத சபாநாயகர் பெரி டுரியா 76 ஆவது வாக்கை அளித்தார். சட்டமூலம் 76 - 73 என்று நிறைவேறியது. ஏப்ரல் 11 ஆம் திகதி ஆளுநர் நெல்சன் றொக்பெல்லர் கையொப்பமிட்டார். ஜூலை முதலாம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மைக்கல்ஸின் கணிப்புப் பிழைக்கவில்லை. உள்ளூர் ஜனநாயகக் கட்சி அவரைக் கைவிட்டது. ஜூன் மாதத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தெரிவில் அவர் தோற்றார். லிபரல் கட்சியின் சார்பில் நொவெம்பர் தேர்தலில் போட்டியிட்டும் வெற்றிபெறவில்லை. 1992 ஆம் ஆண்டில் காலமாகும் வரை அவர் மீண்டும் அந்தச் சபைக்குத் திரும்பவில்லை.

ஆனால், அந்த ஒரு வாக்கின் விளைவு ஓபர்னுடன் நின்றுவிடவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஹவாய் மாநிலமும் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. அங்கே 90 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நியூயோர்க் அத்தகைய நிபந்தனை எதையும் விதிக்காததனால், அமெரிக்காவின் ஏனைய மாநிலங்களில் இருந்து பெண்கள் அங்கு வந்து குவிந்தார்கள். எதிர்ப்பும் ஓயவில்லை. 1972 மே மாதத்தில் இரு சபைகளுமே அந்தச் சட்டத்தை நீக்குவதற்கு வாக்களித்தன. நீக்கத்தை ஆதரித்து ஜனாதிபதி நிக்சன் கர்தினால் குக்கிற்கு கடிதம் எழுதினார். றொக்பெல்லர் தனது வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தியதனாலேயே சட்டம் தப்பிப் பிழைத்தது. சில மாதங்களில், 1973 ஜனவரி 22 ஆம் திகதி, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளியானது. அதே திகதியில் 2019 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டம் கையொப்பமிடப்பட்டு, கருக்கலைப்பு குற்றவியல் சட்டத்தில் இருந்து பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு மாற்றப்பட்டது. உறவினர் அனுப்பிய மடல்களில் நான் வாசித்த சில வரிகளுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

மைக்கல்ஸ் செய்தது சரியா? கருவிலுள்ள உயிரைப் புனிதமானதாகக் கருதுகின்றவர்களின் நம்பிக்கையை எள்ளி நகையாடிவிட முடியாது. அவரைத் தோற்கடித்த வாக்காளர்களும் தங்கள் மனச்சாட்சிப்படியே நடந்துகொண்டார்கள். ஒரு பிரதிநிதி தனது தீர்ப்பை வாக்காளர்களின் அபிப்பிராயத்துக்குப் பலிகொடுக்கலாகாது என்று 1774 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகர மக்களிடம் கூறிய எட்மண்ட் பேர்க்கும் ஆறு வருடங்களில் அந்த ஆசனத்தை இழக்க நேர்ந்தது. பிரதிநிதி தனது மனச்சாட்சிப்படி வாக்களிக்கட்டும். மக்கள் தங்கள் மனச்சாட்சிப்படி அவரை வீட்டுக்கு அனுப்பட்டும். இரண்டுமே ஜனநாயகம்தான்.

இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆவது பிரிவு, நியூயோர்க்கின் 1828 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்றே, தாயின் உயிரைக் காப்பதற்கு மாத்திரமே விதிவிலக்கு அளித்தது. அதைத் தளர்த்துவதற்கு 1995 இலும் 2017 இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டன. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று எழுந்து நின்று சொல்லி, அதற்கான விலையையும் செலுத்தவேண்டிய கட்டாயம் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எவருக்கும் ஏற்படவில்லை.

ஜோர்ஜ் மைக்கல்ஸ் அந்த விலையைச் செலுத்தினார். தொகுதியின் பாலங்களையும் பாடசாலைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சாதாரண சட்டசபை உறுப்பினரை வரலாறு நினைவில் வைத்திருப்பதற்கு அது ஒன்றே காரணம்.