நூறு வயதுக்காரரின் படம்

1878இல் களுத்துறையில் எடுத்த படம் அது. ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் இருக்கிற சிறு கூட்டம். பெண்ணுக்கு வயது 12, கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்று படத்தோடு ஒரு குறிப்பு இருக்கிறது. வயதெல்லாம் கேட்டு எழுதியவர் பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழரா சிங்களவரா என்பதும் அதில் இல்லை. ‘களுத்துறைக் குடியானவர்கள்’, அவ்வளவுதான்.

எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. டார்வின், டெனிசன், வானியலாளர் ஹெர்ஷல் என்று அன்றைய இங்கிலாந்தின் பெரிய தலைகளெல்லாம் அந்தக் கமராவின் முன்னால் உட்கார்ந்தன. அந்தப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன், நம் பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக் – கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். அவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இலிருந்து கோப்பி இலையில் பூஞ்சணம் பிடித்தது. தோட்டக்காரர்கள் கடனில் விழத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில்தான், 1875இல், தம்பதி இலங்கைக்குக் கப்பலேறினார்கள். ஒரு மாட்டையும், சாமான்கள் அடைத்த இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்பது எல்லா வரலாற்றாசிரியர்களும் விடாமல் சொல்லும் கதை. சவப்பெட்டி இருவருக்கும் முன்னேற்பாடு.

ஈரத்தகட்டு முறையில் படமெடுப்பது உடம்பு நோகும் வேலை. கண்ணாடியில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, அப்போதே கழுவிவிட வேண்டும். களுத்துறை வெயிலில் அது எத்தனை நிமிடம் ஈரமாக இருந்திருக்கும்? கழுவ நல்ல தண்ணீரும் நிறைய வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுமந்தவர்களும் படத்தில் நின்றவர்களாகவே இருக்கலாம். வீட்டு வேலைக்காரர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும்தான் ஜூலியா இங்கே அதிகம் எடுத்தார். 1877இல் அவர் வீட்டில் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதரின் முதுகழகில் மயங்கிய கேமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை! முதுகு வரலாற்றில் ஏறிவிட்டது, பெயர் ஏறவில்லை.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் கேமரன் இறந்தார். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போனால் வரும் போகவந்தலாவையில், சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அவரையும் அடுத்த ஆண்டு கணவரையும் அடக்கம் செய்தார்கள். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவையும் ஒரே இடத்தில் இல்லை. கைமாறிக் கைமாறி வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நூறு வயதுக்காரர் லொஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனார். வெளிச்சம் பட்டால் மங்கும் கடதாசி என்பதால் அநேக நாள் பெட்டிக்குள்தான் வாசம்.

2013இல் கெட்டி ஒரு காரியம் செய்தது. உரிமை காலாவதியான படைப்புகளில் முதல் தவணையாகச் சுமார் 4,600இன் தெளிவான படங்களை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. 2017இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் 375,000 படங்களோடு அதே வழியில் வந்தது. தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்தின் றைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு வேர்மியரின் பால்காரி ஓவியத்தால் ஒரு தலைவலி இருந்தது. மஞ்சள் பாரித்த கெட்ட பிரதிகள் இணையமெங்கும் பரவியதில், கடையில் விற்ற சரியான நிறத் தபாலட்டையைப் பார்வையாளர்களே நம்ப மறுத்தார்கள். நல்ல படத்தைத் தாங்களே வெளியிடுவதுதான் மருந்தென்று அங்கே முடிவானது. பூட்டிவைத்தால் பொருள் பத்திரம். அதன் சாயல் பத்திரமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு லாபம். 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கரில் போட்டது. பார்த்தவர்கள் ஊரைச் சொன்னார்கள், ஆளைச் சொன்னார்கள். சரிபார்த்தபின் நூலகம் தன் பதிவேட்டையே திருத்தியது. படத்தை வெளியே விட்டதால் விபரம் உள்ளே வந்தது. பட்டியலாளர் ஆண்டுக்கணக்கில் தேடியும் கிடைக்காதது, அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவருக்குச் சும்மா தெரிந்திருக்கிறது.

கேமரனின் இலங்கைப் படங்களுக்கு அந்தத் தெரு எங்கே இருக்கிறது? சேலைக்கட்டு பின்கொசுவமா, காதில் இருப்பது தண்டட்டியா, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய கண்கள் போகவந்தலாவை லயன்களில் இருக்கின்றன, களுத்துறை இறப்பர்த் தோட்டங்களிலும் இருக்கின்றன. அப்படிப் பார்த்துத்தான் தமிழரா சிங்களவரா என்ற கேள்வியையாவது கொஞ்சம் நகர்த்த முடியும். சிதறிய பிரதிகளை ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது. ஒரே முகம் இரண்டு படங்களில் இருக்கிறதா என்று தேடலாம்.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர்கள் புழங்கிய பண்டபாத்திரங்களும் பழைய ஆவணங்களும் சேர்த்திருக்கிறார்கள். கெட்டியின் கோப்பை இறக்கிப் பெரிதாக அச்சடித்து அந்த லயன் சுவரில் மாட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை. மாட்டியபின் பார்க்க வருகிறவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு ஆளை வைக்க வேண்டும், அதைக் கலிபோர்னியாவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அங்கே இருக்கிறவர்களும் படத்தைத் தந்ததோடு நில்லாமல், தமிழிலும் சிங்களத்திலும் வருகிற பதிலை வாசிக்க ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும்.