மஞ்சள் சட்டையை மாற்றிக்கொண்டவர்கள்

நெகிரி செம்பிலான் மாநிலம் மலேசியக் கிண்ணத்தை 1948ஆம் ஆண்டில் வென்றது. அடுத்த வெற்றிக்கு 2009ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறுபத்தோர் ஆண்டுகள்! இரண்டு தலைமுறைகள் தோட்டத் திடல்களில் பந்து உதைத்து, முதுமையடைந்து, கிண்ணத்தைக் காணாமலேயே மறைந்து போயின. அதனால்தான் 2009இல் கிளந்தானை 3-1 என்ற கணக்கில் வீழ்த்தியபோது சிரம்பானில் பெரியவர்கள் கண்ணீர் விட்டனர். இந்தப் பின்னணியை அறியாதவர்களுக்கு, ஓர் ஆட்டக்காரர் அணி மாறிப் போவது ஏன் இங்கே வீட்டுப் பிள்ளை வெளியேறியது போல வலிக்கிறது என்பது விளங்காது.

முதலில் கிண்ணத்தின் கதையைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட போர்க்கப்பல் எச்.எம்.எஸ். மலாயா. அக்கப்பல் 1921ஆம் ஆண்டு இங்கே வருகை புரிந்தபோது, அதன் மாலுமிகள் நன்றிக்கடனாக அளித்த கிண்ணமே இது. ஈயமும் ரப்பரும் ஈட்டித் தந்த வருவாயில் எழுந்த கப்பல் அது. பால்மரத்தடியில் அதிகாலை விளக்கோடு நின்ற நம் பாட்டன் பாட்டியரின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு. 1967இல்தான் மலாயா கிண்ணம் என்ற பெயர் மலேசியக் கிண்ணம் என மாறியது.

நெடுங்காலம் ஓர் ஆட்டக்காரர் தாம் பிறந்த அல்லது வேலை செய்த மாநிலத்துக்கே பெரும்பாலும் ஆடினார். 1989இல் பகுதி நேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் அது முழுத் தொழில்முறையாயிற்று. அதன் பின்னர் மாநிலச் சட்டை என்பது ஒப்பந்தக் காலம் முடியும்வரை அணியும் உடையாகிவிட்டது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. உடலை மூலதனமாகக் கொண்டவனின் தொழில் முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடுகிறது. அதற்குள் அவன் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாக வேண்டும். ஆனால் பார்வையாளன் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுவதில்லையே!

எஸ்.குணாளன் 1986ஆம் ஆண்டு சிரம்பானில் பிறந்தவர். காற்று வேகத்தில் ஓரக்கோட்டை ஒட்டி ஓடுவார். எங்கள் மாநிலத்துச் சட்டையிலேயே வளர்ந்து, 2010ஆம் ஆண்டு கே.ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணியிலும் இடம்பெற்றார். இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தைக் கைப்பற்றிய ஆண்டு அது. நான் வாழும் தெமியாங் சிரம்பான் நகரை ஒட்டியது. சுற்றிலும் இருந்த தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் சிறு சிறு வீடுகளில் குடியேறின. கோயிலை இடம் மாற்றினார்கள்; பள்ளியை இடம் மாற்றினார்கள்; தோட்டத்துத் திடலை மட்டும் யாராலும் பெயர்த்து எடுத்து வர முடியவில்லை. அவர்களுக்குப் பாரோய் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம்தான் திடலாக அமைந்தது. அங்கே நம்மூர்ப் பையன் ஒருவன் ஓடுகிறான் என்பது சாதாரணச் செய்தியா?

2011ஆம் ஆண்டு இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம் அரங்கம், எதிரணி திரங்கானு. இரண்டாம் பாதியில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் அளவே இருந்த வேளையில் குணாளன் கோல் அடித்துச் சமன் செய்தார். அடுத்த சில நிமிடங்களில் ஹைருடின் ஓமார் வெற்றிக் கோலைப் புகுத்தினார். 2-1. மூன்றே ஆண்டுகளில் இரண்டாவது கிண்ணம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஹைருடின் திரங்கானு மண்ணின் மைந்தர். 2010 இறுதியாட்டத்தில் கிளந்தான் சட்டையில் எங்களுக்கு எதிராகக் கோல் அடித்து, கிண்ணத்தைத் தட்டிப் பறித்தவர்களில் ஒருவர். மறு ஆண்டே எங்கள் சட்டையில், தம் சொந்த மாநிலத்துக்கு எதிராக எங்களுக்குக் கிண்ணம் தேடித் தந்தார்! அன்று 'ஹோபின் ஜாங் ஹோபின்' என்று தொண்டை கிழிய முழங்கிய எவரும் திரங்கானுக்காரரின் மனத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானும் கவலைப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வெற்றிக்குப் பின் அதிக காலம் செல்லவில்லை. குணாளன் சிலாங்கூருக்குப் போனார். 2013 பருவத்தின் முடிவில் நெகிரி செம்பிலான் சூப்பர் லீக்கிலிருந்தே கீழிறங்கியது. ஒருவர் போனதால் மட்டும் ஓர் அணி சரிந்துவிடாது. வேறு பலரும் அக்காலத்தில் பிரிந்து சென்றிருந்தார்கள். ஆயினும் மனம் ஒருவர் மீதே பழியைச் சுமத்தியது. கொடியிலே இரு மாநிலத்துக்கும் மஞ்சளும் சிவப்பும் உண்டு என்பதால், தொலைக்காட்சியில் அவரைப் பார்க்கும்போது ஒரு கணம் கண் ஏமாந்தும் போகும்.

வகுப்பில் இது பெரிய வழக்காகவே நடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, நான் இனிமே சிலாங்கூர்தான். குணாளன் அண்ணன் எங்கயோ நானும் அங்கதான்" என்றான். பக்கத்திலிருந்தவன், "அப்போ நீ நம்ம ஊரு இல்லையா?" என்று கேட்டான். முதலாமவன் திகைத்துப் போனான். அவன் குடும்பம் தோட்டத்தை விட்டு வந்து இரண்டாம் முறையாக வீடு மாறியிருந்த நேரம். ஊர் எது என்ற கேள்விக்கு அவனிடம் உடனடி விடை இல்லை. மாநில அணியில் தமிழர் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போது, நம்மவன் என்பதும் நம் மாநிலம் என்பதும் இரு வேறு பக்கம் இழுக்கும் கயிறுகளாகிவிடுகின்றன. பெரியவர்களே தடுமாறும்போது பத்து வயதுப் பையன் என் செய்வான்?

இத்தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரின் செல்லப்பிள்ளை ஃபாண்டி அகமது, 1980களின் பிற்பகுதியில் கோலாலம்பூர் அணிக்கு ஆடினார். பின்னர் பகாங்கிற்குச் சென்று 1992இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர வென்றார். பிறகு தாயகம் திரும்பி, 1994 இறுதியாட்டத்தில் அதே பகாங்கைச் சிங்கப்பூர் 4-0 என நொறுக்கியபோது ஒரு கோலும் அடித்தார். சிங்கப்பூர் ரசிகர்கள் எல்லாவற்றையும் மறந்தார்கள்.

அமெரிக்காவில் கதை கடுமையானது. அவர்களுடைய காற்பந்து வேறு வகை; கையால் எறிந்து ஆடுவது. கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் பதினாறு பருவங்கள் தலைமை எறிவாளராக ஆடிய பிரெட் ஃபார்வ், 2008இல் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். பின்னர் மனம் மாறி நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குச் சென்றார். 2009இல் பேக்கர்ஸின் பரம எதிரியான மின்னசோட்டா வைக்கிங்ஸ் சட்டையை அணிந்து பழைய அரங்கத்துக்கே திரும்பி வந்தார். பதினாறு பருவங்கள் கைதட்டிய அதே மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அவர் அணி வென்றது. ஆனால் 2015இல் அதே ஊர் அவருடைய 4ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்து கொண்டாடியது. கோபம் ஆற ஆறு ஆண்டுகள் ஆயின.

குணாளன் 2015இல் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டே அந்த அணி ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது; தென்கிழக்காசியாவிலிருந்து அதை வென்ற முதல் அணியும் அதுவே. எங்கள் மாநிலமோ இரண்டாம் தர லீக்கில் போராடிக்கொண்டிருந்தது. அவர் போனது தவறு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தெமியாங்கில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர், இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சிலாங்கூரோ ஜொகூரோ எங்கள் அணியோடு மோதினால் வாய் ஓயாமல் எதிரணியைத் திட்டுவார். குணாளன் காலில் பந்து இருக்கும் நேரம் மட்டும் பேசமாட்டார். தேநீரை எடுத்து மெல்ல உறிஞ்சுவார். பந்து அடுத்தவர் காலுக்குப் போனவுடன் குவளையைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் திட்டத் தொடங்குவார்.