பெட்டியும் அலமாரியும்

அரசர்களுக்கு இருப்பது போல அலமாரிக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் உங்களுட் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் ஒரு வீட்டார் எதை மடித்து வைத்தனர், எதைத் தொங்கவிட்டனர், எதைப் பூட்டினர் என்பதை அறிந்தால் அவர்தம் வாழ்க்கை பெரிதும் விளங்கிவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். போர்ச்சுகீசியர் 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்தபின், சாவி, மேசை, சன்னல் முதலிய சொற்களோடு 'அர்மாரியோ' என்ற சொல்லும் இந்நாட்டுக் கரையில் இறங்கி, நம் நாவில் அலமாரி ஆயிற்று. அதன் மூலம் 'அர்மாரியம்' என்னும் இலத்தீன் சொல். படைக்கலத்தைக் குறிக்கும் 'அர்மா' என்பதே வேர். ஆயுதம் வைக்க எழுந்த பெயர் நாளடைவில் உடைக்கும் நூலுக்கும் உரியதாயிற்று. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடபகுதித் துறவிமடமொன்றில் எழுதப்பட்டு, இப்போது இத்தாலியின் பிளாரன்சு நகரில் உள்ள விவிலியப் பெருஞ்சுவடியில் கதவு திறந்த அலமாரி ஒன்றின் ஓவியம் இருக்கிறது. அதன் தட்டுகளில் ஒன்பது நூல்கள் படுத்திருக்கின்றன, நிமிர்த்தி அடுக்கப்படவில்லை.

நம் வீடுகளிலோ பெட்டியும், ஓலைப்பெட்டியும், சுவர்மாடமும், பரணும், கொடியும் இருந்தன. வேட்டியும் புடவையும் தையலற்றவை. மடித்தால் பலகைபோல் தட்டையாகும். அவற்றுக்குப் பெட்டியே பொருத்தம். பெட்டிக்கு ஒரு குறை உண்டு: அடியில் உள்ளதை எடுக்க மேலுள்ளதெல்லாம் கலைய வேண்டும். ஆதலின் நாள்தோறும் உடுப்பது கொடியிலும், திருநாளுக்குரியது பெட்டியிலுமாகப் பிரிந்தன.

பழைய வீட்டுச் சுவரலமாரியின் ஆழம் ஓரடி, மிகுந்தால் ஒன்றரையடி. மடித்த புடவைக்கு அது போதும். சட்டையும் கோட்டும் வந்தபோதுதான் சங்கடம் தோன்றிற்று. தோள் வைத்துத் தைத்த உடையை மாட்டித் தொங்கவிட ஏறத்தாழ இரண்டடி ஆழம் வேண்டும். சுவர் அவ்வளவு இடம் தராது. அலமாரி சுவரைவிட்டு வெளியே வந்து கால்களில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

'பீரோ' என்னும் பெயரின் கதை இன்னும் சுவையானது. அந்தப் பிரெஞ்சுச் சொல் முதலில் மேசைமேல் விரிக்கும் முரட்டுத் துணியையும், பின்னர் எழுதுமேசையையும் குறித்தது. துணியில் பிறந்த பெயர் பல நாடு சுற்றி, நம்மிடையே துணி வைக்கும் பெட்டகத்துக்கே வந்து சேர்ந்தது! 1897-ல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-ல் எஃகு அலமாரி செய்யலாயிற்று. கரையான் அரிக்காத, உள்ளே பூட்டறை கொண்ட எஃகு பீரோ பின்னர் திருமணச் சீர்களிலும் இடம்பெற்றது. கூட்டுக் குடும்பத்தில் தனக்கென ஓர் அறையில்லாத பெண்ணுக்கு, தன் கையில் சாவியுள்ள பெட்டி ஒன்றே தன் இடமாக இருந்தது. அச்சீர்ப்பெட்டியைப் பற்றி நம் சரித்திர நூல்கள் பேசாதது ஒரு பெருங்குறை.

இன்று வீடு கட்டுவோர் தச்சரை அழைக்குமுன் எண்ண வேண்டியது, மடிப்பவை எத்தனை, தொங்குபவை எத்தனை என்பதே. மேனாட்டுப் படத்தைப் பார்த்து அலமாரி முழுவதும் கம்பி பொருத்திவிட்டுப் பட்டுப்புடவையை மாதக்கணக்கில் தொங்கவிட்டால், சரிகையின் பாரம் துணியை இழுத்துவிடும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தாலும் சரிகை முறியும். நம் பாட்டிமார் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தது இதனாலேயே. சிறுவர்க்கென ஒரு தட்டும் கொக்கியும் அவர்கள் கை எட்டும் உயரத்தில் அமைதல் வேண்டும். கொக்கி ஆறடி உயரத்தில் இருக்க, சட்டையைத் தரையில் போட்டான் என்று பையனைக் கடிந்து பயனில்லை.